கார் ஷெட் ஷட்டருக்கு நாமளே பெயின்ட் அடிக்கிறது (ரெண்டாவது தடவை அடிச்சவன் எழுதுறது)

எங்க ஷெட் ஷட்டர் 8க்கு 8 அடி, வீடு திருவான்மியூர், கடல் காத்து இரும்ப என்ன பண்ணும்னு இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். பெயின்டர் 6,000 கேட்டாரு, நானே அடிச்சேன், 1,500க்குள்ள முடிஞ்சது. அதாவது ரெண்டாவது தடவை. மொத தடவை செலவ இங்க எழுதினா வீட்ல சண்டை வரும்.

வாங்க வேண்டியது: கம்பி பிரஷ், 80, 120 நம்பர் உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர் 1 லிட்டர், எனாமல் ஒன்றரை லிட்டர் (1 லிட்டர் வெளிப்பக்கம் ரெண்டு கோட்டுக்கே பத்தும் பத்தாம ஆச்சு), டர்பன்டைன், 2 இஞ்ச் பிரஷ். ரோலர் வாங்காதீங்க, ஷட்டர் பட்டையோட வளைவுக்குள்ள அது போகவே போகாது. ஸ்பிரே டப்பாவும் வேணாம், காசு தான் காத்துல போகும்.

1. மொதல்ல சோப்புத் தண்ணி போட்டு கழுவுங்க. உப்பு உள்ள இருக்கும்போது மேல பெயின்ட் அடிச்சா அது ஈரத்த இழுத்து அடியிலேயே துரு பிடிக்க வைக்கும். நல்லா காயணும், அவசரப்படாதீங்க.

2. துரு சுரண்டுறது. கம்பி பிரஷ், அப்புறம் 80, கடைசியா 120. பழைய பெயின்டா இருந்தா உப்புத்தாள தண்ணில நனைச்சு தேய்ங்க, மாஸ்க் போடுங்க, பசங்கள கிட்ட விடாதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கற சட்டம் 2017 நவம்பர்ல தான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்சதுல எவ்ளோ இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

3. இங்க தான் நான் மாட்டினேன். கீழ இருந்த நாலு பட்டை மக்கிப் போயி கொஞ்ச வருஷம் முன்னாடி புதுசு மாத்தியிருந்தோம், அது ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு), நான் கண்டுக்காம எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ரெட் ஆக்சைடு, மேல எனாமல்னு அடிச்சு விட்டேன், பாக்க சூப்பரா இருந்துச்சு, அடுத்த மழைக்குள்ள அந்த நாலு பட்டைல மட்டும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. பெயின்ட் டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட போயி கத்திட்டு வேற வந்தேன், பாவம். விஷயம் என்னன்னா ஜிஐ மேல இருக்கறது துத்தநாகப் பூச்சு, எனாமல், ரெட் ஆக்சைடு மாதிரி எண்ணெய் சார்ந்த பெயின்ட் அது மேல நேரா பட்டா நாளடைவுல ரெண்டும் வினை புரிஞ்சு நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் உருவாகும், அப்புறம் எது ஒட்டும்?

உங்களுது ஜிஐயான்னு பாக்க ஒரு மூலைல சுரண்டுங்க. பளபளன்னு வெள்ளியா, சில சமயம் பூப்பூவா டிசைன் தெரிஞ்சா ஜிஐ. அங்க மட்டும் 120 உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு (பூச்சு போற அளவுக்கு தேய்ச்சுடாதீங்க), டர்பன்டைன் துணியால துடைச்சு, வாஷ் பிரைமர்னு கேட்டு வாங்கி ரொம்ப மெல்லிசா ஒரு கோட். ரெண்டு டப்பாவா வரும், கலந்தா அன்னிக்கே தீத்துடணும், அதனால தேவைக்கு மட்டும் கலங்க.

4. இப்ப மொத்த ஷட்டருக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட், ஒரு ராத்திரி விடுங்க.

5. எனாமல் மெல்லிசா ரெண்டு கோட், நடுவுல ஒரு ராத்திரி. ஷட்டர தரையில உக்கார வைக்காதீங்க, ஒரு இஞ்ச் தூக்கி தொங்க விட்டு அடிங்க, அப்ப தான் பட்டை எல்லாம் விரிஞ்சு இணைப்பு இடமும் வெளிய தெரியும். இல்லன்னா பின்னாடி பழைய கலர் கோடு கோடா எட்டிப் பாக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலைலயே முடிச்சுடுங்க, இரும்பு சுட்டா பெயின்ட் சுருங்கி கொப்புளிக்கும். ஐப்பசி, கார்த்திகைல இந்த வேலையே வேணாம்.

6. முழுசா ஒரு நாள் ஷட்டர சுத்தாதீங்க. கார முன்னாடியே வெளிய நிறுத்திடுங்க. நான் ஆறு மணி நேரத்துல தூக்கினேன், பட்டையும் பட்டையும் ஒட்டிக்கிட்டு பிச்சுக்கிட்டு வந்துச்சு.

பின்சேர்க்கை: இத படிச்சுட்டு ஒருத்தர் அடிச்சாரு, ஷட்டர் பாதில நிக்குதுன்னு சொன்னாரு. ரெண்டு பக்கமும் இருக்கற கைடு சேனலுக்கு (ஷட்டர் ஏறி இறங்குற பள்ளம்) உள்ளயும் அடிச்சிருக்காரு! உள்ள அடிக்கவே கூடாதுங்க, நான் அத எழுத மறந்துட்டேன். அடிச்சிருந்தா சுரண்டி எடுத்துட்டு, கிரீஸ் போடாதீங்க, மண்ணு ஒட்டும், ஒரு மெழுகுவத்திய எடுத்து மேலயும் கீழயும் நாலு தடவை தேய்ச்சு விடுங்க, சரியாயிடும்.