லான் சேனியின் நடிப்பு வாழ்க்கையைத் தொகுக்க

அமெரிக்க மௌனப்படக் கால நடிகர் லான் சேனி 1883-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர்; நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத்தான் திரைக்கு வந்தார். அந்த ஆண்டுகளுக்கு அந்தந்த ஊர் நாளிதழ் விளம்பரங்களைத் தேடுங்கள்.

படப் பட்டியலில்தான் சிக்கல் அதிகம். வெளியான ஆண்டு, வேடம், பிரதியின் நிலை (கிடைக்கிறதா, தொலைந்ததா) என மூன்று கட்டம் போடுங்கள். 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) தொலைந்த படம். 2002-இல் வந்தது நிழற்படங்களைக் கோத்த மறு உருவாக்கம் மட்டுமே. அசைவே உயிரான நடிகரை அதை வைத்து எடைபோடுவது அநியாயம். 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓப்பரா' (1925) பிரதிகளில் பல பின்னாளைய மறுவெளியீட்டு வடிவம். எந்தப் பிரதி என்று குறிக்காவிட்டால் காட்சி வரிசை குழம்பும். 'தி அன்ஹோலி த்ரீ'யை இருமுறை எழுதுங்கள்: 1925 மௌனப்படம், 1930 பேசும்படம்.

1940-களின் படங்களில் 'லான் சேனி' என்றிருந்தால் அது அதே பெயரில் நடித்த அவர் மகன். தந்தை 1930-இலேயே காலமானார்.