நீறு பூத்த கங்கில் கோழி சுடும் முறை

கரியில் கோழி சுட, கடையில் விற்கும் பார்பிக்யூ அடுப்பு கட்டாயமில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பின்கட்டைத் தாண்டிய திறந்தவெளியில் 18 செங்கற்களும் ஓர் இரும்புக் கம்பி வலையும் இருந்தால் போதும். வீட்டின் நடுவே உள்ள முற்றம் திறந்துதானே இருக்கிறது என்று அங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாமல் சுற்றியுள்ள அறைகளுக்குள் புகுந்துவிடும். தவிர, ஒரு கங்கு தெறித்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் விழுந்தால் அந்தத் தழும்பைக் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் மசாலா, சுடுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே இது முடிந்துவிட வேண்டும். 1 கிலோ பிராய்லர் கோழிக் கால்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எலும்பு வரை இரண்டு கீறல் போடுங்கள். நாட்டுக்கோழியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தணலில் அது வேகுமுன்பே வறண்டு நார்நாராகிவிடும். 8 வரமிளகாய், மிளகு, சோம்பு, சீரகம் தலா 1 தேக்கரண்டி, விரல்நுனி அளவு பட்டை ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்து எடுங்கள். பாறையில் படரும் பாசி போன்ற மசாலாப் பொருளான கல்பாசியை மட்டும் அவற்றோடு சேர்க்காதீர்கள். பொட்டலத்தில் முகர்ந்தால் அது காய்ந்த சருகைப் போல ஒன்றுமில்லாமல்தான் இருக்கும். 2 தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி ஒரு சிட்டிகை இட்டால்தான் அதன் மணம் எழும். எல்லாவற்றையும் 10 சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, உப்போடு மையாக அரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, கீறலுக்குள் இறங்கும்படி கோழியில் தடவி மூடி, குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

அடுத்தது அடுப்பு. தரையில் மணல் பரப்பி, மூன்று பக்கமும் மூன்று வரிசைச் செங்கல் அடுக்கி, நான்காம் பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்து விடுங்கள். வலைக்கும் கரிக்கும் இடையே அரை அடி இருக்கட்டும். பளபளவென்று துத்தநாகம் பூசிய வலை சூட்டில் நச்சுப்புகை விடும் என்பதால் அதைத் தவிருங்கள். ஆடிக் காற்று வீசும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை மண்ணால் மூடி மூட்டம் போட்டு எடுக்கும் கரி இங்கே எளிதில் கிடைக்கிறது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அது சரியாகக் கரியாகாத கட்டை, அல்லது ஈரம் கோத்தது. அப்படிப்பட்டது புகையும், வெடித்துத் தெறிக்கும். ஒன்றரைக் கிலோ கரியைக் கூம்பாகக் குவித்து, நடுவே தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் வைத்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாடை கோழியில் ஏறிவிடும்.

இனிமேல் பொறுமைதான் வேலை. கரி கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்துக் கோழியை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நானும் முதல் முறை அப்படித்தான் வைத்தேன். தோல் கருகி, எலும்போரம் சிவப்பாகவே நின்றது, கடைசியில் எல்லாவற்றையும் குழம்பில் போட்டுத்தான் விருந்தாளிகளுக்குப் பரிமாறினோம். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சுடர் அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்து, விசிறினால் உள்ளே செந்நிறம் தெரியும். அந்த நீறு பூத்த நெருப்பே நமக்கு வேண்டியது. அதை ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். கங்குக்கு மேல், வலையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டினால் நான்கு எண்ணுவதற்குள் கையை இழுக்கத் தோன்றினால் சூடு சரியாக இருக்கிறது.

வலையில் எண்ணெய் தடவி, அதிகப்படி மசாலாவை வழித்துவிட்டு, துண்டுகளை முதலில் கங்கில்லாத பக்கம் அடுக்கி, காற்றுக்குச் சற்று இடம்விட்டு ஓர் அண்டா மூடியால் மூடுங்கள். இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டு, 30 நிமிடம் போனபின் கங்குக்கு நேரே நகர்த்தி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டினால் மேற்புறம் மொறுமொறுப்பாகும். கொழுப்பு சொட்டிச் சுடர் எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல், துண்டை மறுபக்கம் நகர்த்துங்கள். எலும்போரத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துண்டை எலும்பு வரை பிளந்து, சதையில் சிவப்பு இல்லை, வடியும் நீர் தெளிவாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

சாப்பிட்டு முடித்ததும் அடுப்பை அப்படியே விட்டுப் போகாதீர்கள். சாம்பலுக்கடியில் கங்கு மறுநாள் காலை வரைகூட உயிரோடு இருக்கும். சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி அணைத்து, மிஞ்சிய கரியை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.