கடற்கரை, மழைக்காடு, பவளத்திட்டு: கெய்ர்ன்ஸ் விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸுக்கு முதல் முறை போனபோது நாங்கள் ஒதுக்கியது மூன்றே நாள். ஒரு நாள் பவளத்திட்டு, ஒரு நாள் மழைக்காடு, ஒரு நாள் கடற்கரை என்று கணக்கு. நள்ளிரவில் விமானம் இறங்கியது. காலை ஏழரைக்குப் படகுத்துறையில் நின்றோம். அன்று காற்று பலமாக இருந்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், என் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் காட்டுக்குப் போனதில் பாதிப் பொழுது காரிலேயே கழிந்தது. மூன்றாம் நாள் கடற்கரையில் உட்கார்ந்தபோது ஊருக்குக் கிளம்பும் பரபரப்பு வந்துவிட்டது. ஓய்வுக்காகப் போன பயணத்தில் ஓய்வைத் தவிர எல்லாம் இருந்தது.

இரண்டாம் முறை அதே இடங்களுக்கு ஏழு நாள் போனோம். கூடுதல் நாள்கள் உதவின என்பது உண்மைதான். ஆனால் நாள்களை அடுக்கிய வரிசை அதைவிட உதவியது. காற்று, மழை, கடல்நீர் ஏறி வற்றும் ஏற்றவற்றம் மூன்றும் நம் திட்டத்துக்கு வளைந்து கொடுக்காது. அவற்றைப் பார்த்து நாம்தான் திட்டத்தை வளைக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

முதலில் இடத்தைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து வடபகுதியில் கெய்ர்ன்ஸ், போர்ட் டக்ளஸ், டெயின்ட்ரீ காடு எல்லாம் ஒரே கடலோரச் சாலையில் வரிசையாக இருக்கின்றன. கடலில் 2,300 கிலோமீட்டர் நீளும் கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளத்திட்டு 1981 முதல் உலக மரபுச் சின்னம். கரையில் இருக்கும் ஈர வெப்பமண்டலக் காடு 1988 முதல் இன்னொரு மரபுச் சின்னம். கேப் டிரிபுலேஷன் என்ற முனையில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. 1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் அந்தப் பக்கத்துப் பவளத்தில் மோதி ஓட்டையானது. தன் துன்பமெல்லாம் இங்கேதான் தொடங்கியது என்று அவர் அந்த முனைக்குத் துன்ப முனை என்றே பெயர் வைத்தார்.

பயண மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், அப்போது போங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். காட்டுக்கும் கரைக்கும் அது சரி. ஆனால் அந்த மாதங்களில்தான் தென்கிழக்குக் காற்று வாரக்கணக்கில் விடாமல் வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். வெயிலைப் பார்த்து ஏமாந்து படகேறுபவர்கள் நிறைய. ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பில் காற்றின் வேகம் நாட் (knot) என்ற கடல் வேக அளவில் இருக்கும். பதினைந்துக்குக் கீழே என்றால் தாராளமாகப் போகலாம். இருபதைத் தாண்டினால் புதியவர்களுக்குக் கஷ்டம். இருபத்தைந்து என்றால் அன்று காட்டுக்குப் போய்விடுங்கள்.

அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் காற்று தணிந்து நீர் வெதுவெதுப்பாகும். என்னைக் கேட்டால் பவளம் பார்க்க அதுதான் நல்ல நேரம். டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழையும் புயலும் வரக்கூடிய காலம். 2023 டிசம்பரில் வந்த ஜாஸ்பர் புயலுக்குப் பிறகு மண்சரிவில் டெயின்ட்ரீ சாலை துண்டானது. மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அருவியும் பச்சையும் அப்போதுதான் முழு அழகில் இருக்கும். ஆனால் ரத்து செய்ய முடியாத முன்பதிவுகளோடு அந்த மாதங்களில் போகாதீர்கள்.

அடுத்தது, பவளத்திட்டுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது. "நல்லதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்" என்று தோன்றும். கடைசி நாளில் காற்று அடித்தால் மாற்று நாள் கிடையாது. வந்த மறுநாளை ஓய்வுக்கு விட்டுவிட்டு, அதன் பிறகு காற்று குறைவான முதல் நாளைக் கடலுக்குக் கொடுங்கள். அந்த நாள் சரிப்படவில்லை என்றால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கு இதில் உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. நீருக்கடியில் அழுத்தத்தில் மூச்சுவிடும்போது உடலில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியாகிவிடும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். 24 மணி நேரம் விடுவது நிம்மதி. விமானத்தை எல்லாரும் நினைவில் வைப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். குரண்டா என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் ஸ்கைரெயில் ரோப்கார் 545 மீட்டர் உயரத்து ரெட் பீக் நிலையம் வழியாகச் செல்கிறது. அதெர்ட்டன் மேட்டுநிலம் அதைவிட உயரம். காலையில் டைவிங், மறுநாள் காலையிலேயே ரோப்கார் என்று போடுவதற்கு முன் டைவிங் பயிற்றுநரிடம் கேட்டுவிடுங்கள்.

படகில் ஏறியதும் உடல்நிலை பற்றிய படிவம் தருவார்கள். நம்மவர்கள் பலர் அதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நீரில் இறங்க விடமாட்டார்களோ என்ற பயம்தான். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மூச்சுக்குழாயோடு நீரின் மேல் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங் பார்க்கத்தான் எளிது. குளிர்ந்த நீர், பதற்றம், எதிர்நீச்சல் மூன்றும் சேர்ந்தால் இதயத்துக்குப் பெரிய சுமை, வயதானவர்களின் மரணங்கள் அப்படித்தான் நடக்கின்றன. உண்மையை எழுதினால் கையில் ஒரு மிதவையைக் கொடுப்பார்கள், கண்காணிப்பவர் உங்கள்மேல் தனியாக ஒரு கண் வைப்பார். நீச்சல் தெரியாத என் அம்மாகூட மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்துப் பவளத்தைப் பார்த்தார். வெளியே வந்து சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

எந்தப் படகு என்பதும் முக்கியம். போர்ட் டக்ளஸிலிருந்து அஜின்கோர்ட் திட்டு போன்ற வெளித்திட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். நீர் தெளிவு, பவளமும் செழிப்பு, ஆனால் அலையும் அதிகம். சிறு குழந்தைகளோ கடல் ஒவ்வாதவர்களோ இருந்தால் கெய்ர்ன்ஸிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகும் கிரீன் தீவும் ஃபிட்ஸ்ராய் தீவும் போதும். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

நீருக்குள் பார்த்ததும் சிலருக்கு ஏமாற்றம் வரும். படங்களில் பார்த்த செக்கச்சிவப்பும் ஊதாவும் எங்கே? சிவப்பு ஒளியை நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. படங்கள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவை. நலமான பவளம் பெரும்பாலும் பழுப்பாகவோ இளம்பச்சையாகவோதான் இருக்கும், அதற்குள் வாழும் நுண்பாசியின் நிறம் அது. நீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2016, 2017, 2020, 2022, 2024 ஆண்டுகளில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது. ஆகவே பழுப்பைப் பார்த்து "செத்துவிட்டது" என்று நினைக்காதீர்கள், பளீரென்ற வெள்ளையைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்யப் பவளத்தின் மேல் ஏறி நிற்கவே கூடாது. ஒரு மிதி பல ஆண்டு வளர்ச்சியை நொறுக்கிவிடும். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு நீரில் இறங்குவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. முதுகும் பிழைக்கும், பவளமும் பிழைக்கும்.

சரி, கரைக்கு வருவோம். கெய்ர்ன்ஸ் நகரிலேயே அறை எடுத்துவிட்டு, கடற்கரை எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. நகரத்தின் கரை சேற்றுப் பரப்பு, நீந்த முடியாது. அதற்காகத்தான் கடலோரத்தில் பெரிய உப்புநீர்க் குளம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மணலும் தென்னையும் வேண்டுமென்றால் வடக்கே பாம் கோவ், அல்லது ஒரு மணி நேரம் தள்ளி போர்ட் டக்ளஸின் ஃபோர் மைல் கடற்கரை.

அங்கும் நினைத்த இடத்தில் இறங்கிவிடக் கூடாது. ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லிமீன்களின் காலம். நம் கடலோரத்தில் சொறிமுட்டை என்கிறோமே, அந்த இனம்தான், ஆனால் பட்டால் தடிப்போடு போகாது. பெட்டி ஜெல்லிமீன் சில நிமிடங்களில் உயிரையே பறிக்கக்கூடியது. விரல்நுனி அளவே உள்ள இருகாஞ்சி என்ற இன்னொரு ஜெல்லிமீன், பட்டவுடன் பெரிதாக வலிக்காது. அரை மணி நேரம் கழித்துத்தான் முதுகுவலி, வாந்தி, வியர்வை என்று ஆளைச் சாய்க்கும். கடற்கரையில் கட்டியிருக்கும் வலை பெரியவற்றைத் தடுக்கும், இருகாஞ்சி அதன் கண்ணிகளுக்குள் புகுந்துவிடும். அதனால் வலைக்குள்ளும் உடல் முழுவதும் மூடும் லைக்ரா உடை போடுங்கள். கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். பட்ட இடத்தில் அதைக் குறைந்தது 30 விநாடி ஊற்றி, 000 எண்ணை அழையுங்கள். மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் விஷத்தை இன்னும் உடலுக்குள் செலுத்தும். அழகான கூம்புச் சங்கு கண்ணில் பட்டால் கையில் எடுக்காதீர்கள், உயிருள்ளது என்றால் அதுவும் விஷம் பாய்ச்சும்.

முதலையைப் பற்றி வேடிக்கையாகப் பேசக்கூடாது. டெயின்ட்ரீ ஆறு, ஓடைகள், கழிமுகங்கள், சில நேரம் திறந்த கடற்கரையிலும்கூட உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் முதலை இல்லை என்று பொருளல்ல. நீரோரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அந்தி நேரத்தில் ஓடை கடலில் சேரும் இடத்தில் படம் எடுப்பதற்காகக் குனியாதீர்கள். தெளிந்த நீர் ஓடும் மாஸ்மன் பள்ளத்தாக்கிலும் கவனம் வேண்டும். மேலே மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றைச் சட்டென்று பெருக்கிவிடும், அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நீரில் இறங்குவதை விட்டுவிட்டு, அந்த மண்ணின் குக்கு யலாஞ்சி மக்கள் நடத்தும் காட்டு நடையில் சேருங்கள். எந்த இலையைக் கசக்கினால் சோப்புபோல் நுரை வரும் என்று காட்டுவார்கள். டெயின்ட்ரீ தேசியப் பூங்கா 2021இல் சட்டப்படி அவர்கள் கைக்கே திரும்பி வந்தது.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, கெய்ர்ன்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பி வந்து, காட்டைப் பார்த்தாயிற்று என்பது. கேப் டிரிபுலேஷன் 140 கிலோமீட்டர். கம்பிவடத்தில் இழுபடும் படகில் காரோடு டெயின்ட்ரீ ஆற்றைக் கடக்க வேண்டும். அந்தப் படகுக்குச் சில நாள்களில் நீண்ட வரிசை இருக்கும். போக வர ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். 18 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் காட்டுக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ஆற்றுக்கு வடக்கே இரண்டு இரவு தங்குங்கள். நடுப்பகலில் காடு தூங்குகிறது. விடியலிலும் இருட்டிய பிறகும்தான் அது பேசும்.

தங்கப் போவதென்றால், ஆற்றைக் கடப்பதற்கு முன் பெட்ரோல் நிரப்புங்கள், வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பொது மின்வலை கிடையாது, சோலாரும் ஜெனரேட்டரும்தான். செல்போன் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் இருக்காது. கேப் டிரிபுலேஷன் வரைதான் தார்ச்சாலை, அதற்கு மேல் வாடகைக் காரைக் கொண்டுபோகாதீர்கள். சாலையில் மெதுவாகப் போங்கள், வளைவில் கசுவாரி குறுக்கே வரலாம். ஆள் உயரம் நிற்கும் இந்தப் பறவைதான் காட்டின் பெரிய பழங்களை விழுங்கி விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. எண்ணிக்கை குறைந்துவிட்ட இந்த இனத்துக்குக் கார்களும் ஓர் எமன். நடக்கும்போது எதிரே வந்தால் ஓடாதீர்கள். பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். தின்ன எதையும் போடாதீர்கள், மனிதரிடம் தின்னப் பழகிய கசுவாரி அடுத்தவரைத் துரத்தும்.

மர்ஜா, டுபுஜி போன்ற இடங்களில் மரப்பாலப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்க வேண்டாம். வெற்றிலை வடிவத்தில் மெத்தென்று மயிர் மூடிய பெரிய இலை ஒன்று ஓரத்தில் நிற்கும், பெயர் ஜிம்பி ஜிம்பி. நம் காஞ்சொறியைவிடப் பல மடங்கு கொடியது. அதன் கண்ணாடி மயிர் தோலில் ஒடிந்து நின்றால் வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். தேய்க்காமல், முடி நீக்கும் மெழுகுப் பட்டையால் மயிரைப் பிடுங்க வேண்டும்.

எங்கள் இரண்டாம் பயணத்தின் கடைசி இரண்டு நாளுக்கு எதையும் முன்பதிவு செய்யவில்லை. டுபுஜி பாதை முடியும் இடத்தில் மயல் கடற்கரை இருக்கிறது. நீர் வற்றும்போது கரையை ஒட்டிய பவளப் பாறைகள் வெளியே தெரியும், முதுகுக்குப் பின்னால் காடு. அங்கே உட்காருவதற்கு டிக்கெட்டோ வழிகாட்டியோ தேவையில்லை. ஏற்றவற்ற அட்டவணையில் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.