மங்கிய ஹெட்லைட்டைத் தெளிய வைக்க

ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) மூடி மேலிருக்கும் யூவி (புற ஊதா) தடுப்புப் பூச்சு வெயிலில் சிதைவதால்தான் ஹெட்லைட் மங்குகிறது. டூத்பேஸ்ட் வைத்தியமெல்லாம் நாலு நாள் பளபளப்பு. உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சீல் போய்விட்டது, தேய்த்துப் பயனில்லை.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) கிடைக்கும். சுற்றியுள்ள பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே தேயுங்கள். 800-இல் வழியும் தண்ணீர் முதலில் மஞ்சளாக வரும், வெள்ளையாகும்வரை விடாதீர்கள். இங்கே திட்டு நின்றால் அடுத்த பேப்பர் எடுக்காது. பேப்பர் மாற்றும்போது தேய்க்கும் திசையையும் மாற்றினால் பழைய கீறல் கண்ணில் படும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, யூவி தாங்கும் 2கே (இரண்டு கலவை சேர்ந்து இறுகும்) கிளியர் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள். இந்த ஸ்பிரே மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் கலந்தது, சாதாரணத் துணி மாஸ்க் போதாது. சாயங்காலம் மழை பிடிக்கும் ஊர், காலையிலேயே முடித்துவிடுங்கள்.