கோடைகால நீச்சல் போட்டிகளுக்கு நடுவே குடும்பப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில், குடியிருப்புப் பகுதிகளின் நீச்சல் குள அணிகளுக்காக 1956இல் தொடங்கிய வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீக்கில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. பிரிவுக்கு ஆறு அணிகள் என்பதால், ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் ஜூன் பிற்பகுதி முதல் ஐந்து சனிக்கிழமைக் காலைகளில் மோதுகிறது. ஜூலை இறுதியில் பிரிவுக்குள் நடக்கும் தனிநபர் இறுதிப் போட்டியான டிவிஷனல்ஸும், அதற்கடுத்த சனிக்கிழமை லீக் முழுவதிலும் வேகமானவர்கள் மோதும் ஆல் ஸ்டார்ஸும் வருகின்றன. பள்ளி ஜூன் நடுவில் முடிந்து ஆகஸ்ட் பிற்பகுதியில் திறந்துவிடுவதால், விடுமுறையின் பெரும்பகுதியை இந்தச் சனிக்கிழமைகளே எடுத்துக்கொள்கின்றன.

எல்லாப் போட்டிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. திங்கள் மாலை நடக்கும் பி மீட் பிள்ளைகள் தங்கள் நேரத்தைக் குறைத்துப் பார்ப்பதற்கானது. அதைத் தவறவிடுவதால் அணிக்கு நட்டமில்லை. சனிக்கிழமை ஏ மீட்டில்தான் புள்ளிகள் எண்ணப்படுகின்றன. அதிலும் நால்வர் சேர்ந்து நீந்தும் ரிலேயில் ஒரு பிள்ளை வராமல் போய், அந்த வயதுப் பிரிவில் மாற்று ஆளும் இல்லையென்றால், மற்ற மூவரும் கரையில் நிற்க நேரிடும். வயதுப் பிரிவு ஜூன் 1 அன்றுள்ள வயதைக் கொண்டு முடிவாகிறது. எனவே இந்த ஆண்டு உங்கள் பிள்ளை தன் பிரிவில் மூத்தவராக இருக்கிறாரா, அல்லது அண்மையில் மேல் பிரிவுக்கு ஏறியவரா என்பதை முதலில் பாருங்கள். மூத்தவராக இருக்கும் ஆண்டில் நெடும்பயணத்தைப் போட்டிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்வதும், இளையவராக இருக்கும் ஆண்டில் ஓரிரு சனிக்கிழமைகளைத் துணிந்து விடுவதும் நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் போன்ற கடற்கரைகளுக்குச் செல்வோர் வீடு பிடிக்கும்போதே கிழமையைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள வார வாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, அல்லது ஞாயிறு முதல் ஞாயிறு வரை கிடைக்கின்றன. சனிக்கிழமை தொடங்கும் வீட்டை எடுத்தால், நண்பகலை ஒட்டிப் போட்டி முடிந்ததும் குளத்திலிருந்தே நேராகக் காரைக் கிளப்பி, இரவுக்குள் சேர்ந்துவிடலாம். திரும்பும்போது வெள்ளிக்கிழமையே புறப்பட்டால் அடுத்த போட்டிக்கும் வந்துவிடலாம். ஓர் இரவு வாடகை வீணாவதைத் தவிர இழப்பில்லை. ஞாயிறு தொடங்கும் வீட்டிலோ, இடையில் வரும் போட்டிக்காக இரண்டு இரவுகளை விட வேண்டியிருக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் வழியிலுள்ள ஹாம்ப்டன் ரோட்ஸ் சுரங்கப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும் என்பதால், மதிய உணவைக் கட்டிக்கொண்டு புறப்படுவது நல்லது. நீந்தி முடித்த பிள்ளைகளின் பசி சிற்றுண்டியில் அடங்காது.

இந்தியப் பயணத்துக்கு ஆகஸ்ட் மாதமே பொருந்தும். அதன் முற்பாதி ஆடியில் விழுவதால் அப்போது கல்யாணங்கள் அவ்வளவாக இருக்காது. ஆனால் தாத்தா பாட்டியோடு இருக்கவும், ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் நிற்கவும் அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனியில் நெருங்கிய உறவில் திருமணம் வந்தால் தயங்காமல் போய்வாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கோடைகள் போட்டிக்கு உண்டு, சித்தப்பாவின் கல்யாணம் ஒருமுறைதான். அப்படிப் போனால், கோடையில் ஒன்பதரை மணி நேர வேறுபாடு இருப்பதால், திரும்பிய வாரத்துச் சனிக்கிழமையில் பிள்ளையிடம் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

டிவிஷனல்ஸ் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா என்பது, ஆல் ஸ்டார்ஸ் தகுதி கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. சென்ற ஆண்டுத் தகுதி நேரங்களைப் பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பயிற்றுநரிடம் நேரடியாகக் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். பெற்றோரின் ஆசைக் கணக்கை இதில் நம்ப முடியாது.

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா வழக்கமாக ஜூலை 4 விடுமுறையை ஒட்டி வருவதால், பிள்ளைகளை மேடையேற்றும் குடும்பங்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஆண்டுதோறும் சிக்கல்தான். எதை விடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

வராத நாள்களைப் பருவத் தொடக்கத்திலேயே அணியின் பதிவேட்டில் குறித்துவிட வேண்டும். யார் எதில் நீந்துவது என்ற பட்டியலைப் பயிற்றுநர் வார நடுவில் தயாரிக்கிறார்; அதன் பின் வெள்ளி இரவு அனுப்பும் செய்தி அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, சிற்றுண்டிக் கடையில் நிற்பது போன்ற பெற்றோர் பணிகளில் உங்கள் பங்கை ஊரில் இருக்கும் வாரங்களிலேயே முடித்துவிடுங்கள், அல்லது இன்னொரு குடும்பத்தோடு முன்கூட்டியே முறை மாற்றிக்கொள்ளுங்கள்.