கொலார்ட் கீரையில் கொழுப்பைக் குறைத்தது

மாமியார் ஊர் அமெரிக்காவின் ஜார்ஜியா. அந்தத் தெற்கத்திச் சமையலில் முட்டைக்கோஸ் இனத்துக் கீரையான கொலார்டோடு உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக் கணுக்காலும் வேகும். மாமனாருக்கு பிரஷர் ஏறியதும் பானை என் கைக்கு வந்தது. புகைபோட்ட வான்கோழிக் காலுக்கு மாறினேன். அதை முதல் நாளே வெங்காயம், பூண்டோடு வேகவைத்து, சாற்றை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, அதிலேயே கீரையை வேகவிடுவேன். வான்கோழியிலும் உப்பு உண்டு, அதனால் தனி உப்பு கிடையாது. இறக்கும்போது ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு ஸ்பூன். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது.

சோள ரொட்டிக்கு பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) கொழுப்புக்குப் பதில் கொஞ்சம் எண்ணெய். இரும்புச்சட்டியை ஓவனில் நன்றாகக் காயவைத்து மாவை ஊற்றினால் அடி மொறுமொறுவென்று வரும். பொரித்த கோழியை நான் தொடவே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று மாமியாரே பேசி முடித்துவிட்டார்.