ஊரில் போய்க் கொடுக்குமுன்: மொரிசியஸ் தமிழர்களுக்குச் சில குறிப்புகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அப்பாவின் திதிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி மேசையில் வைத்தேன். கணக்குப் பார்க்கும் அம்மா பணத்தைத் தொடவே இல்லை. “உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுதுங்க?” என்றார். மொரிசியஸ் என்றேன். தாள்களை அப்படியே என் பக்கம் நகர்த்திவிட்டார். “அப்ப வாங்க முடியாதுங்க தம்பி. எங்ககிட்ட எஃப்.சி.ஆர்.ஏ. இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் தமிழன்தானே என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், பர்ஸில் கிடந்த எங்கள் நூறு ரூபாய்த் தாளை எடுத்து அதிலுள்ள தமிழ் எழுத்தைக் காட்டினேன். (1998இல் வந்த புதுத் தாளில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியதும் மொரிசியஸில் கிளம்பிய எதிர்ப்பும், கடைசியில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றதும் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் கதையையும் சொன்னேன்.) அவர் தாளைத் திருப்பித் திருப்பி ஆசையாகப் பார்த்தார். காபி கொடுத்தார். பணத்தை மட்டும் வாங்கவில்லை.

அவர் செய்ததுதான் சரி. காவடி முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்புகிற நம்மவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைக்கென்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிறார்கள். பணம் எந்த நாட்டு நாணயம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, கொடுக்கிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றுதான் பார்க்கிறது. துபாயில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் சம்பாதித்துக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நாம் சென்னையிலேயே மாற்றிய இந்திய ரூபாயைக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். உள்துறை அமைச்சகத்தில் இந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்புகள்தான் அதை வாங்கலாம். பள்ளிக்கூடம், ஆசிரமம், கோயில் டிரஸ்ட் எதுவானாலும் இதே கதைதான்.

‘என்னிடம் ஓசிஐ அட்டை இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை அது). 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் முர்மு மொரிசியஸ் வந்தபோது இந்திய வம்சாவளி மொரிசியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை அந்த அட்டை உண்டு என்று அறிவித்தார். நல்ல விஷயம், விசா அலைச்சல் மிச்சம். ஆனால் நன்கொடை விஷயத்தில் அந்த அட்டை உதவாது. அட்டை வைத்திருப்பவரும் வெளிநாட்டவர்தான்.

அப்புறம், ஊரில் யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு யோசனை சொல்வார்: “என்கிட்ட குடுங்கண்ணே, என் பேர்ல கட்டிடறேன்.” வேண்டாம். ஒருவர் கை மாறி வந்தாலும் மூலம் வெளிநாடு என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மாட்டினால் நாம் விமானம் ஏறிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த இல்லத்துக்காரர்கள்.

சரி, பதிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. தளத்தில் தேடிப் பாருங்கள். போர்ட் லூயிசிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம். பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும், அதனால் ‘பதிவு எண் என்ன?’ என்பதோடு ‘எப்போது புதுப்பித்தீர்கள்?’ என்றும் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகவே காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

வங்கிக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. இல்லம் இருப்பது நாகப்பட்டினத்துக் கிராமத்தில், கணக்கு எண்ணோ டெல்லியில். நம்மவர்கள் இதைப் பார்த்ததும் ‘ஏதோ ஏமாற்று’ என்று பின்வாங்குகிறார்கள். உண்மை நேர்மாறு. 2021 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு நன்கொடை முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். ஆகவே டெல்லிக் கணக்கைக் கொடுத்தால் நம்பிப் பேச்சைத் தொடருங்கள். நிர்வாகியின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றும் எழுதச் சொல்வார்கள். ரசீதில் ‘80ஜி வரிவிலக்கு’ என்று போட்டிருக்கலாம். அது இந்தியாவில் வரி கட்டுகிறவர்களுக்கு. இந்தியாவில் உங்களுக்கு வருமானம் இல்லையென்றால் அதனால் பயனில்லை.

கும்பகோணத்துக்குத் திரும்புகிறேன். பணம் வாங்காத அந்த அம்மாவிடம், “வேற என்னதான் செய்யட்டும்?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்கட்டில் ஒரு பாட்டியிடம் கூட்டிப்போனார். அவருடைய சக்கர நாற்காலியில் ஒரு பக்கத்துக் கால்தாங்கி இல்லை, புடவைக் கிழிசலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு தனி ஆளுக்கு அவருடைய சொந்த உபயோகத்துக்காகக் கொடுக்கும் பொருள், மதிப்பு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், இந்தச் சட்டக் கணக்கில் வராது. அன்று மாலையே கடைத்தெருவில் ஒரு நாற்காலி வாங்கி, பில்லைப் பாட்டி பெயரிலேயே போடச் சொன்னேன். காது கேட்கும் கருவி, தையல் மெஷின், மூக்குக் கண்ணாடி என்று இந்த வழியில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆள் யார், என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்காமல் கொண்டுபோவதில் நமக்கு நிகர் இல்லை. நானே ஒருமுறை பெட்டி நிறையப் பழைய துணி கொண்டுபோனேன். அந்த இல்லத்தில் ஓர் அறை முழுக்க ஏற்கெனவே துணி மூட்டைகள், மேலே பல்லி முட்டை. என் பெட்டியையும் அங்கேயே சாய்த்து வைத்தார்கள். மருந்து மாத்திரையும் அப்படித்தான், தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதும் அதே சட்டத்தில் குற்றம். பிறந்தநாள் கேக்கை நீட்டிக்கொண்டு எடுத்த படம் ஃபேஸ்புக்குக்குப் போகக் கூடாது. சட்டத்தை விடுங்கள், நம் பிள்ளையை யாரோ அப்படிப் படம் எடுத்துப் போட்டால் நாம் சும்மா இருப்போமா? ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் பிரியாணி கொண்டுவர ஆள் இருக்கிறது. பதிவுள்ள இல்லமாக இருந்தால் செவ்வாய்க்கிழமைப் பாலுக்கும் கரண்ட் பில்லுக்கும் கொடுங்கள்.

பணம் வேண்டாம், உழைப்பைக் கொடுக்கிறேன் என்பவர்களுக்கு: சுற்றுலா இ-விசாவில் ஒரு மாதம் வரை, சம்பளமோ வேறு கைம்மாறோ இல்லாமல் தன்னார்வ வேலை செய்யலாம். ஒரு வாரம் வந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில் நமக்குத்தான் மகிழ்ச்சி அதிகம் என்பது என் அபிப்பிராயம். நமக்குப் பிரெஞ்சு தெரியும். பிரெஞ்சுக்காரர்களிடம் நிதி கேட்கும் அமைப்புக்கு அறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் அது பல வருஷம் பேசும்.

செலவழித்தே உதவலாம் என்பதும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஊருக்குப் போகும்போது உங்கள் கண்ணையே அங்கே காட்டலாமே! காவடிக்கும் கல்யாணத்துக்கும் புடவை எடுக்கிறவர்கள் தி.நகர் மாடிக் கடைகளோடு நின்றுவிடாமல் கோ-ஆப்டெக்ஸுக்கும் ஒரு நடை போங்கள். 1935இலிருந்து இருக்கும் நெசவாளர் கூட்டுறவு அது.

கடைசியாக, பரண். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை வைத்து 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. புத்தகம் மட்டுமில்லை, பழைய அழைப்பிதழும் துண்டு நோட்டீசும்கூட அவர்களுக்கு ஆவணம். ரோஸ்ஹில்லில் என் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் தீமிதித் திருவிழா நோட்டீசுகள் நாலைந்து கிடந்தன, ஓரமெல்லாம் பூச்சி அரித்து. உங்கள் வீட்டிலும் இருக்கும். எறிந்துவிடாமல் படம் எடுத்து முதலில் அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். வேண்டும் என்றால், அட்டைக்கு நடுவில் வைத்து, கைப்பெட்டியில் கொண்டுபோங்கள்.